ஹிமாலயனின் முன் ஃபோர்க்: பத்தாயிரத்தை எங்கே போடுவது?

கேள்வி: என்னிடம் இருப்பது 2019 மாடல் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக். 38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. செப்டம்பரில் நண்பர்கள் இருவருடன் ஸ்பிட்டி பள்ளத்தாக்குக்குப் போகிறேன். என் எடை 86 கிலோ, பின்னால் 25 கிலோ மூட்டை வரும். அஞ்செட்டி பக்கம் மண்பாதையில் ஓட்டிப் பார்த்தேன். பிரேக் பிடித்தால் முன்பக்கம் அப்படியே குனிகிறது. பெரிய குழியில் 'டங்' என்று இடிக்கிறது. ஆனால் சின்னக் கல் கிடக்கிற இடத்தில் கை மரத்துப் போகிற அளவுக்கு உதறுகிறது. கெட்டி ஆயில் ஊற்றினால் சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக். டியூக் பைக்கின் பழைய யுஎஸ்டி (தலைகீழ்) ஃபோர்க் ஒன்று கைக்கு வருகிறது, அதை மாட்டிவிடலாம் என்கிறான் நண்பன். பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் என்னால் முடியாது. என்ன செய்யலாம்?
— ஒசூரிலிருந்து ஒரு வாசகர்

பதில்:

முதலில் டியூக் ஃபோர்க்கை முடித்துவிடுவோம். வேண்டாம். பார்க்கத் தடியாக, கம்பீரமாக இருக்கும், அவ்வளவுதான். ஃபோர்க் என்பது முன்சக்கரத்தை இரு பக்கமும் பிடித்து, குழியில் அழுந்தி எழும் இரண்டு கால்கள். டியூக் 390-இன் ஃபோர்க் 150 மிமீக்கு மேல் இறங்காது. உங்கள் ஹிமாலயனில் இப்போதே 200 மிமீ இருக்கிறது. காசு கொடுத்து 50 மிமீயைத் தொலைப்பீர்கள். அதோடு நிற்காது. டியூக்கின் ஃபோர்க் 17 அங்குலச் சக்கரத்துக்கானது, உங்களுடையது 21. ஆக்சில், பிரேக் காலிப்பர், கிளாம்ப் என்று ஒவ்வொன்றாக லேத்துப் பட்டறைக்கு இழுக்கும். பத்தாயிரம் முதல் வாரத்திலேயே தீர்ந்துவிடும். நாளைக்கு விபத்து என்று இன்சூரன்ஸ்காரரிடம் போனால் இந்த மாற்றத்தைக் காட்டி அவர் ஒரு கேள்வி கேட்பார். புது ஹிமாலயன் 450-இல் ஷோவாவின் யுஎஸ்டி ஃபோர்க் வந்திருக்கிறது, உண்மைதான். அதிலும் இறக்கம் இதே 200 மிமீதான். தலைகீழாக இருப்பதாலேயே ஒரு ஃபோர்க் நல்லதாகிவிடாது.

அடுத்து கெட்டி ஆயில். இதை ஒரே வார்த்தையில் மறுக்க முடியாது. நீங்கள் சொல்லும் மூன்று புகாரையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். குனிகிறது, இடிக்கிறது என்றால் ஃபோர்க் மெத்தென்று இருக்கிறது என்று அர்த்தம். சின்னக் கல்லில் உதறுகிறது என்றால் விறைப்பாக இருக்கிறது என்று அர்த்தம். ஒரே ஃபோர்க் இரண்டாகவும் எப்படி இருக்கும்? இருக்கும். உங்கள் வண்டியில் இருப்பது பழைய பாணி டேம்பிங் ராட் ஃபோர்க். உள்ளே ஒரு குழாய், அதில் நாலைந்து துளை. ஆயில் அந்தத் துளை வழியாகத்தான் போய்வர வேண்டும்.

வீட்டில் ஒரு சிரிஞ்சை எடுத்து, ஊசியைக் கழற்றிவிட்டுத் தண்ணீரை உறிஞ்சி மெதுவாக அழுத்திப் பாருங்கள். வெண்ணெயாக இறங்கும். இப்போது ஓங்கி அழுத்துங்கள். கட்டைவிரல் வலிக்கும், உள்ளே போகாது. துளை ஒன்றுதான், தண்ணீரும் ஒன்றுதான், வேகம் மட்டும் வேறு. வேகம் இரட்டிப்பானால் தடை கிட்டத்தட்ட நான்கு மடங்காகும். பிரேக் பிடிக்கும்போது ஃபோர்க் மெதுவாக இறங்குகிறது, எனவே ஆயில் தடுப்பதே இல்லை. கல்லில் சக்கரம் பட்டதும் படுவேகமாக ஏற வேண்டியிருக்கிறது, அங்கே ஆயில் சுவராகிவிடுகிறது. இதில் கெட்டி ஆயிலை ஊற்றினால் குனிவது கொஞ்சம் குறையும், உதறல் இன்னும் மோசமாகும். நிறையப் பேர் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஊற்றிய அன்று தார் ரோட்டில் ஓட்டிப் பார்த்து 'ஆஹா' என்பார்கள். மண்பாதையில் இறங்கிய பிறகு ஒரு வாரம் மணிக்கட்டுக்குத் தைலம் தேய்ப்பார்கள்.

கெட்டி ஆயிலுக்கு இன்னொரு குணம் உண்டு. அழுந்திய ஃபோர்க் திரும்பி எழும் வேகத்தையும் அது குறைத்துவிடும். பலகையில் ரம்பம் போட்டதுபோல வரிவரியாக இருக்கும் மண்சாலையில் இது தெளிவாகத் தெரியும். முதல் மேட்டில் அழுந்தியது முழுதாக எழுவதற்குள் இரண்டாம் மேடு வந்துவிடும். அதற்குள் மூன்றாவது. பத்து மேடு தாண்டுவதற்குள் ஃபோர்க் கீழேயே உட்கார்ந்துவிடும். அதற்கப்புறம் உங்களிடம் இருப்பது ஷாக்கர் இல்லை, இரும்புத் தடி.

சரி, அப்படியானால் எங்கே ஆரம்பிப்பது? அளப்பதில். இதற்கு ஒரு டேப்பும், இரண்டு ரூபாய் கேபிள் டையும், கைக்கு ஒரு நண்பனும் போதும்.

ஃபோர்க்கின் ரப்பர் பூட் என்னும் மடிப்பு உறையைக் கீழ்ப்பக்கம் கழற்றி மேலே தள்ளுங்கள். பளபளக்கும் பைப்பில் கேபிள் டையை இறுக்கமாக, ஆனால் விரலால் நகர்த்தும்படி கட்டுங்கள். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின்பக்கத்தை நண்பர் அழுத்திப் பிடிக்க, முன்சக்கரம் தரையை விட்டு எழும்பட்டும். அப்போது டையை டஸ்ட் சீல் (பைப் உள்ளே போகும் வாயில் இருக்கும் ரப்பர் வளையம்) வரைக்கும் கீழே தள்ளிவிடுங்கள். பிறகு வண்டியை மெதுவாக இறக்கி, ஸ்பிட்டிக்குப் போவது போலவே ஏறி உட்காருங்கள். டேங்க் நிறையப் பெட்ரோல், பின்னால் மூட்டை, காலில் ஷூ, தலையில் ஹெல்மெட், எல்லாம் இருக்க வேண்டும். அரை நிமிடம் அசையாமல் இருந்துவிட்டு, குலுக்காமல் இறங்குங்கள். மறுபடி சக்கரத்தைத் தூக்கி, டை எவ்வளவு மேலே போயிருக்கிறது என்று அளக்கலாம். சீல் இறுக்கத்தால் ஒவ்வொரு தடவையும் நாலைந்து மில்லி மாறும். மூன்று முறை அளந்து சராசரி எடுத்துக்கொள்ளுங்கள்.

200 மிமீ இறங்கும் ஃபோர்க்கில், நீங்கள் உட்கார்ந்த நிலையில் 50-லிருந்து 65 மிமீ வரை இறங்கியிருந்தால் நல்லது. போன மழைக்காலத்தில் என் பட்டறைக்கு இதே வண்டி வந்தது. ஓட்டுபவருக்கும் ஏறக்குறைய உங்கள் எடைதான். அளந்தால் 92 மிமீ. கிட்டத்தட்டப் பாதி ஃபோர்க் உட்காரும்போதே செலவாகிவிட்டது! மிச்சம் இருக்கும் பாதியில் பிரேக், குழி, கல் மூன்றையும் சமாளிக்க வேண்டும் என்றால் அது பாவம் என்ன செய்யும்? அவர் சொன்ன புகாரும் வார்த்தைக்கு வார்த்தை உங்களுடையதுதான்: குனிகிறது, இடிக்கிறது, உதறுகிறது. உங்கள் வண்டியிலும் 80-க்கு மேல் வரும் என்று என் கணிப்பு. ஆனாலும் அளங்கள். என் கணிப்பை நம்பி ஸ்பேசர் (ஸ்பிரிங்கின் மேல் வைக்கும் குழாய்த் துண்டு) வெட்ட வேண்டாம்.

உங்கள் ஃபோர்க்கில் இதைத் திருகிச் சரிசெய்ய வசதி கிடையாது. ஸ்பிரிங்குக்கும் மேல் கேப்புக்கும் நடுவே ஒரு ஸ்பேசர் வைக்க வேண்டும். பத்து மில்லி ஸ்பேசர் வைத்தால் முன்பக்கம் ஏறக்குறைய பத்து மில்லி எழும். பிளம்பிங் கடையின் தடித்த பிவிசி குழாயை வெட்டி, இரண்டு முனையிலும் வாஷர் போட்டு வைப்பவர்கள் இருக்கிறார்கள். அது வேலை செய்யும். ஆனால் லேத்தில் அலுமினியத்தில் கடைந்தாலும் செலவு பெரிதில்லை. முனை நேராக இருக்கும், பைப் சுவரில் உரசாது. ஒசூரில் லேத்துக்கா பஞ்சம்? நான் சொன்ன வண்டிக்கு 25 மிமீ வைத்தோம். 92 என்றிருந்தது 66 ஆனது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஸ்பேசர் வைத்தால் ஸ்பிரிங் கெட்டியாகிவிட்டது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஆகாது. அதே ஸ்பிரிங்தான், ஒரு மில்லி அமுக்க அதே எடைதான் வேண்டும். வண்டி நிற்கும் உயரம் மட்டும் மாறுகிறது. அதனால் ஸ்பேசர் வைத்த பிறகு இரண்டாவதாக ஒன்றை அளக்க வேண்டும். நீங்கள் ஏறாமல், மூட்டை இல்லாமல், வண்டி தன் எடைக்கு மட்டும் எவ்வளவு இறங்குகிறது? 30 மிமீக்கு முன்பின் இருந்தால் உங்கள் ஸ்பிரிங் உங்களுக்குப் போதும். 15-க்கும் கீழே போய்விட்டால், மெல்லிய ஸ்பிரிங்கைக் கட்டாயப்படுத்தி நிமிர வைத்திருக்கிறீர்கள் என்று பொருள். அப்படி இருந்தால் சின்னக் குழியில் சக்கரம் கீழே இறங்கித் தரையைத் தொட இடமே இருக்காது. வேகத்தடை தாண்டும்போது 'டக்'கென்று மேலே முட்டும். அந்த நிலையில்தான் புது ஸ்பிரிங் வாங்கும் பேச்சு.

இந்த இரண்டு எண்ணும் கைக்கு வருவதற்குள் ஃபோர்க்கை எப்படியும் இறக்கியாக வேண்டும். 38,000 கிலோமீட்டரில் ஆயிலை ஒரு தடவையாவது மாற்றினீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லாததால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். இன்ஜின் ஆயிலுக்கு வருடத்துக்கு இரண்டு தடவை அக்கறைப்படுவோம், ஃபோர்க் ஆயிலை வண்டி விற்கும் நாள் வரை மறந்தே போவோம். அந்த 92 மிமீ வண்டியைப் பிரித்தபோது வந்தது ஆயில் இல்லை. சாம்பலைக் கரைத்த தண்ணீர் மாதிரி, கருஞ்சாம்பல் நிறத்தில், மீன் வாடையுடன் ஒன்று வந்தது. வெள்ளைத் தட்டில் ஊற்றி வெயிலில் காட்டினால் அலுமினியத் தூள் மினுமினுத்தது. இடது காலில் இருந்ததைவிட வலது காலில் ஒரு டம்ளர் குறைவு.

புது ஆயில் எது? முதல் தடவை மேனுவலில் சொன்ன தரத்தையே ஊற்றுங்கள். இப்போது உள்ளே இருக்கும் கஷாயத்தோடு ஒப்பிட்டால் அதுவே கெட்டியாகத் தெரியும். ஊற்றி மாட்டிய பிறகு முன்பிரேக்கைப் பிடிக்காமல் ஹேண்டில்பாரை அழுத்தி விடுங்கள். எழுந்து வந்து ஒரே தடவையில் அடங்கினால் சரி. இரண்டு மூன்று தடவை ஊஞ்சலாடினால் மட்டும், அதே கம்பெனியின் அடுத்த தரத்தைப் பாதிக்குப் பாதி கலந்துகொள்ளலாம். 'அதே கம்பெனி' என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. புட்டியில் 10 டபிள்யூ என்று போட்டிருப்பதைப் பார்த்து எல்லாம் ஒன்றே என்று எண்ணிவிடாதீர்கள். ஃபோர்க் ஆயிலில் அந்த எண்ணுக்குப் பெரிய கட்டுப்பாடு கிடையாது. ஒரு கம்பெனியின் 10, இன்னொன்றின் 7-க்குச் சமமாக இருக்கும். புட்டியின் பின்பக்கத்திலோ கம்பெனியின் இணையத் தாளிலோ 40 டிகிரியில் இத்தனை சென்டிஸ்டோக் (ஆயில் எவ்வளவு கெட்டி என்பதன் அளவு) என்று போட்டிருப்பார்கள். ஒப்பிட வேண்டியது அந்த எண்ணைத்தான்.

அடுத்ததுதான் இந்த வேலையின் உயிர்நாடி: ஆயில் மட்டம். நம் ஊர்ப் பட்டறைகளில் ஆயிலை மில்லி கணக்கில் அளந்து ஊற்றுவதுதான் வழக்கம். பழைய ஆயில் அடியில் கொஞ்சம் தங்கியிருக்கும், அளக்கிற குவளையில் கொஞ்சம் ஒட்டியிருக்கும். இரண்டு காலும் ஒன்றாக வராது. ஃபோர்க் பைப்புக்குள் ஒரு சென்டிமீட்டர் உயரம் என்பது சுமார் 10 மில்லிதான். 20 மில்லி முன்பின் ஆனாலே இரண்டு சென்டிமீட்டர் போச்சு. அதனால் ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, ஃபோர்க்கை முழுசாக அமுக்கி, நேராக நிறுத்தி, பைப்பின் விளிம்பிலிருந்து ஆயில் வரைக்கும் எவ்வளவு காலி இடம் என்று அளக்க வேண்டும். அதற்கு முன் பத்துப் பதினைந்து தடவை மேலும் கீழும் ஆட்டிக் காற்றுக் குமிழை வெளியேற்றி, ஒரு டீ குடித்துவிட்டு வரும் நேரம் விட வேண்டும். என் பட்டறையில் இதற்குத் தனிக் கருவி எதுவும் இல்லை. மெடிக்கலில் வாங்கிய பெரிய சிரிஞ்ச், அதன் முனையில் குளுக்கோஸ் ஏற்றும் குழாய், குழாயில் மேனுவல் சொல்லும் அளவில் ஒரு டேப் சுற்று. கொஞ்சம் அதிகமாக ஊற்றிவிட்டு, குழாயை அந்த அளவுக்கு உள்ளே விட்டு உறிஞ்சினால், காற்று வரும்போது மட்டம் சரியாக நிற்கும். இரண்டு காலுக்கும் மயிரிழை வித்தியாசம் வராது.

இந்தக் காலி இடம் ஏன் முக்கியம்? அதில் அடைபட்டிருக்கும் காற்றும் ஒரு ஸ்பிரிங். ஃபோர்க் இறங்க இறங்க அந்த இடம் சுருங்கும். பாதியானால் அழுத்தம் இரட்டிப்பாகும், கால்வாசியானால் நாலு மடங்கு. தொடக்கத்தில் ஒன்றும் தெரியாது, கடைசி இரண்டு அங்குலத்தில்தான் அது எழுந்து நின்று பிடிக்கும். உங்கள் 'டங்' சத்தத்துக்கு மருந்து அங்கே இருக்கிறது. அதுவும் ஓசியில். மேனுவல் அளவைவிட 10 மிமீ ஆயிலை உயர்த்தி ஓட்டிப் பாருங்கள். அதே கேபிள் டையைப் பைப்பில் விட்டுவைத்து, அதே மண்பாதையில், அதே குழியில், அதே வேகத்தில். இறங்கிப் பார்த்தால் டை எவ்வளவு மேலே போயிற்று என்று தெரியும். மிக மோசமான குழியிலும் கடைசியில் ஒரு விரல்கடை மிச்சம் இருந்தால் போதும். இன்னும் இடித்தால் மறுபடி 10 மிமீ. எப்போதும் நாலு விரல் மிச்சமாகவே இருக்கிறது என்றால் அளவுக்கு மீறி ஊற்றிவிட்டீர்கள். எடுத்த 200 மிமீயை நீங்களே பூட்டி வைத்திருக்கிறீர்கள்.

20 மிமீக்கு மேல் போகாதீர்கள். நான் போனேன். 2018 ஜூலையில் இதே ஸ்பிட்டி சாலைக்குக் கிளம்பும் முன், 'இடிக்கவே கூடாது' என்ற வீறாப்பில் கழுத்து வரை ஊற்றிக்கொண்டு போனேன். கிராம்ஃபூவிலிருந்து பாத்தல் வரைக்குமான அந்தப் பாதையைச் சாலை என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். ஆற்றுக் கல்லை வண்டி வண்டியாகக் கொட்டிவிட்டு மேலே தண்ணீரையும் திறந்துவிட்டது போல இருக்கும். பாத்தலுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு காலின் சீல் வாயைத் திறந்துவிட்டது. ஆயில் வழிந்து டிஸ்க்கில் படிந்து, முன்பிரேக் சுத்தமாக இல்லை. பைப்பில் பழைய பனியனைச் சுற்றிக் கட்டி, பின்பிரேக்கை மட்டும் நம்பி குன்சம் கணவாயில் ஏறி இறங்கினேன். 'ஃபோர்க் மெக்கானிக்' என்று பெயர் வைத்துக்கொண்டு நண்பர்கள் முன்னால் அப்படி ஓட்டிய ஓட்டத்தை இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

சீல் போனதற்கு என் பேராசை ஒரு காரணம், உயரம் இன்னொன்று. இதைப் பட்டறைக்காரர்களே பலர் யோசிப்பதில்லை. ஒசூரில் கேப்பை மூடும்போது உள்ளே ஒசூர்க் காற்று அடைபடுகிறது. குன்சம் 4,500 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிக்குச் சற்று மேல், அவ்வளவே. சிப்ஸ் பாக்கெட் மலைமேல் உப்பிக்கொள்கிறதே, அதே கதைதான். உள்ளே அடைபட்ட காற்று இரண்டு காலையும் சேர்த்துச் சில கிலோ எடைக்குச் சமமாக ஃபோர்க்கை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும், சீலையும் உள்ளிருந்து முட்டும். முன்பக்கம் காரணமில்லாமல் விறைப்பாகிவிட்டது போலத் தோன்றும். பரிகாரம் எளிது. மனாலியில் ஒரு தடவை, லோசார் அல்லது காசாவில் ஒரு தடவை, சென்டர் ஸ்டாண்ட் போட்டு முன்சக்கரத்தைத் தூக்கி, கேப்பைக் கொஞ்சமாகத் தளர்த்தி, 'புஸ்' என்ற பிறகு இறுக்கிவிட வேண்டும். கேப்பை முழுதாகக் கழற்றிவிடக் கூடாது. கீழே ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருக்கிறது, அதுவும் நீங்கள் புதிதாக வைத்த ஸ்பேசரோடு, முகத்துக்கு வரும். தளர்த்தும் முன் பைப்பைப் பிடித்திருக்கும் மேல் கிளாம்ப் போல்ட்டையும் இளக்க வேண்டும், இல்லாவிட்டால் கேப் மரை கெடும். இந்த ரோதனை வேண்டாம் என்றால், கேப்பில் சின்ன ஏர் ஸ்குரூ ஒன்றை லேத்துக்காரரிடமே போட்டுக்கொள்ளலாம். திரும்பி வந்ததும் ஒசூரில் இன்னொரு தடவை திறந்து மூடிவிடுங்கள்.

ஃபோர்க் வெளியே வந்திருக்கும்போதே பார்த்துவிட வேண்டியவை சில உண்டு. ஆயில் சீல், டஸ்ட் சீல் இரண்டையும் மாற்றிவிடுங்கள், இந்த வயதில் பழையதை நம்ப வேண்டாம். கம்பெனி சாமானாக வாங்குங்கள். பெயர் தெரியாத சீலில் மிச்சப்படுத்தும் நூறு ரூபாய், காசாவில் ஐந்தாயிரமாகத் திரும்பி வரும். ரப்பர் பூட்டுக்குள்ளே பைப்பைப் பாருங்கள். பூட் சேற்றைத் தடுக்கும், அதேசமயம் உள்ளே போன சேற்றை வெளியே விடாமலும் வைத்துக்கொள்ளும். துருப்புள்ளி இருந்தால் 2000 நம்பர் எமரியில் ஆயில் தொட்டு மெதுவாகத் தேய்த்து விளிம்பை மழுக்குங்கள். விரல் நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம் என்றால் சீல் நிற்காது, பைப்பைத்தான் மாற்ற வேண்டும். பைப்பைக் கண்ணாடித் தளத்தில் உருட்டிப் பாருங்கள். வண்டி ஒரு தடவை விழுந்திருந்தாலும் வளைந்திருக்க வாய்ப்பு உண்டு, வளைந்த பைப்பில் எந்த ஆயிலும் வேலை செய்யாது.

கோன் செட்டை, அதாவது ஹேண்டில்பார் திரும்பும் இடத்தில் இருக்கும் பேரிங்கை, மறக்க வேண்டாம். முன்சக்கரத்தைத் தூக்கி, ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். 'டொக் டொக்' என்றால் தளர்ந்திருக்கிறது. ஹேண்டில்பாரை மெதுவாக இடம் வலம் திருப்பும்போது நட்டநடுவில் பல்லில் உட்காருவது போல நின்றால், பேரிங் தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கிறது. உங்கள் 'டங்'கில் பாதி, உதறலில் பாதி இதுவாகவே இருக்கலாம். ஃபோர்க்குக்கு ஆயிரம் ஆயிரமாகச் செலவழித்துவிட்டுக் கடைசியில் கோன் செட் மாற்றியதும் சத்தம் நின்ற வண்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

திரும்ப மாட்டும்போது ஒரு சின்ன விஷயம். இதற்குக் காசே இல்லை, ஆனால் பத்தில் எட்டுப் பேர் செய்வதில்லை. ஆக்சிலை முறுக்கிய பிறகு, அதைக் கீழே கவ்விப் பிடிக்கும் போல்ட்டை மட்டும் தளர்வாக விட்டுவிடுங்கள். வண்டியை இறக்கி, முன்பிரேக்கைப் பிடித்தபடி ஐந்தாறு தடவை நன்றாக அமுக்கி எடுங்கள். இரண்டு காலும் ஒன்றுக்கொன்று இணையாக வந்து உட்காரும். அதற்குப் பிறகுதான் அந்தக் கடைசி போல்ட். இல்லையென்றால் ஒரு கால் சற்றே முறுக்கிக்கொண்டு, இறங்கும்போதெல்லாம் உரசும். அந்த உரசலும் கைக்கு உதறலாகத்தான் வரும்.

டயர் காற்றைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. பெட்ரோல் பங்கில் முன்னுக்கும் பின்னுக்கும் முப்பத்தைந்து வைத்துக்கொண்டு மண்பாதையில் இறங்கினால் எந்த ஃபோர்க்கும் உதறத்தான் செய்யும். கரடுமுரடான இடத்தில் முன்னால் 20–22 பிஎஸ்ஐ வரைக்கும் இறக்கலாம். உங்களுடையது டியூப் போட்ட ஸ்போக் சக்கரம். அதற்கும் கீழே போனால் கூர்க்கல்லில் டியூப் நசுங்கி இரட்டைப் பஞ்சர் ஆகும். தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி ஏற்ற ஒரு கைப்பம்பு வேண்டும்.

பின்னால் 25 கிலோ என்கிறீர்கள். அது முழுதும் பின்சக்கரத்துக்கும் பின்னால் தொங்கினால், பின்பக்கம் உட்கார்ந்து முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். மணலில் ஹேண்டில்பார் சொன்ன பேச்சைக் கேட்காது. பின் ஷாக்கரின் பிரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவை) சில படி ஏற்றுங்கள். கனமான சாமான்களை, அதாவது டூல், டியூப், தண்ணீர், கேன் பெட்ரோல் போன்றவற்றை, டேங்க் பக்கத்து ராக்கில் கட்டுங்கள். பின்னால் துணிமணி மட்டும் இருக்கட்டும். இதைச் செய்துவிட்டு முன் ஃபோர்க்கை மறுபடி அளக்க வேண்டும், கணக்கு மாறியிருக்கும்.

செலவுக்கு வருவோம். ஆயில், சீல், ஸ்பேசர், கூலி, தேவைப்பட்டால் கோன் செட், எல்லாம் சேர்த்து உங்கள் பத்தாயிரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. மிச்சத்தைக் கையில் வையுங்கள். வண்டி மட்டும் நின்று அளந்த எண் 15-க்குக் கீழே வந்தால், உங்கள் எடைக்கான கெட்டி ஸ்பிரிங்குக்கு அது போகும். சிலர் பழைய ஸ்பிரிங்கிலேயே சில சுற்றை வெட்டி, அந்த நீளத்துக்கு ஸ்பேசர் வைப்பார்கள். கணக்கு சரிதான்: 40 சுற்றில் 4 வெட்டினால் ஸ்பிரிங் சுமார் 11 சதவீதம் கெட்டியாகும். ஆனால் மிச்சமுள்ள சுற்றுகளின் இடைவெளியைக் கூட்டினால் 200 மிமீயும் வைத்த பிரீலோடும் போக இன்னும் மிச்சம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சுற்றோடு சுற்று முட்டி ஸ்பிரிங் கட்டையாகிவிடும். கேஸ் வெல்டிங்கில் வெட்டினால் சூட்டில் ஸ்பிரிங்கின் பதமே போய்விடும். அறிந்தவர் கையில் மட்டும் இதைச் செய்யுங்கள். அப்படி ஒருவர் கிடைக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

எமுலேட்டர் என்று ஒன்று விற்கிறார்கள். டேம்பிங் ராடின் தலையில் ஸ்பிரிங்குக்கு அடியில் உட்காரும் சின்ன வால்வு. ரேஸ்டெக் போன்ற கம்பெனிகளுடையது பல வருடமாக நன்றாகப் பெயர் எடுத்தது. சிரிஞ்ச் கதையில் சொன்ன கோளாறை, மெதுவாகப் போனால் ஒன்றும் இல்லை, வேகமாகப் போனால் சுவர் என்பதை, உண்மையாகத் தீர்ப்பது அதுதான். ஆனால் ராடில் துளையைப் பெரிதாக்க வேண்டும், பிறகு பழைய நிலைக்குத் திரும்ப முடியாது. அதை அளவாகப் பொருத்த நாலைந்து தடவை பிரித்து மாட்ட வேண்டியிருக்கும். விலையும் உங்கள் பட்ஜெட்டை விழுங்கிவிடும். ஸ்பிட்டிக்கு முன்னால் வேண்டாம். போய்வந்த பிறகும் ஆசை இருந்தால் பேசலாம்.

வேலையைக் கிளம்புவதற்கு முதல்நாள் வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு மாதம் முன்னால் முடித்துவிட்டு, மூட்டையோடு அஞ்செட்டிப் பக்கம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஓட்டுங்கள். இரண்டாவது ஞாயிறு வீட்டுக்கு வந்ததும் பூட்டைத் தூக்கி, சீலைச் சுற்றி ஈரம் கசிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். லேசாகக் கசிந்தால் உடனே பிரிக்க வேண்டாம். பழைய எக்ஸ்ரே ஃபிலிமைக் கொக்கி மாதிரி வெட்டி, சீலுக்கும் பைப்புக்கும் நடுவே விட்டு ஒரு சுற்று சுற்றி எடுத்தால் மாட்டியிருக்கும் மண் வந்துவிடும். பாதிக் கசிவு அதிலேயே நின்றுவிடும். அந்த ஃபிலிம் துண்டை ஸ்பிட்டிக்கும் டூல் கிட்டில் எடுத்துப் போங்கள், எடையே இல்லை.

இரண்டு எண்ணையும் அளந்ததும் எனக்கு எழுதுங்கள்: நீங்கள் ஏறி உட்கார்ந்தபோது எவ்வளவு, வண்டி மட்டும் நின்றபோது எவ்வளவு. ஸ்பிரிங் வாங்க வேண்டுமா என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன். அதுவரைக்கும் டியூக் ஃபோர்க்குக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.